கல்யாண முருங்கை பூத்த துறைமுகம்: சுவான்ஜோ நாட்குறிப்பு

வெள்ளி, இரவு

ஷியாமென் விமான நிலையத்தில் இறங்கி, அந்த நகரின் ரயில் நிலையத்துக்குப் போய் அதிவேக ரயில் பிடித்தால் அரை மணி நேரத்தை ஒட்டி சுவான்ஜோ வந்துவிடுகிறது. தென்கிழக்குச் சீனாவில், ஃபூஜியான் மாகாணத்தில், தைவானைப் பார்த்தபடி இருக்கும் ஊர். கூட வந்திருப்பவள் சிங்கப்பூரில் என்னோடு வேலை பார்க்கும் தோழி. அவளுடைய தாத்தா இந்த வட்டாரத்தை விட்டுக் கப்பலேறியவர். வீட்டில் இந்த வட்டாரத்துச் சீன மொழியான ஹாக்கியன் பேசி வளர்ந்ததால் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே அவளுக்கு ஊர் பழகிப்போனது. டாக்சி ஓட்டுநர் மாண்டரினில் ஆரம்பித்தார், இவள் ஹாக்கியனில் பதில் சொன்னாள். அதற்குப் பிறகு விடுதி வரைக்கும் அவர் வாய் ஓயவில்லை.

வழியெல்லாம் நான் தேடிக்கொண்டே வந்தது ஒரு மரத்தை. பத்தாம் நூற்றாண்டில் இந்த ஊரின் மதிலை விரித்துக் கட்டியபோது அதைச் சுற்றி வரிசையாக நட்ட மரம். அரபு மாலுமிகள் இந்தத் துறைமுகத்தை ஸைத்தூன் என்று அழைத்ததும் இந்த மரத்தின் சீனப் பெயரை வைத்துத்தான் என்கிறார்கள். மார்க்கோ போலோவும் இப்னு பதூதாவும் எழுதியிருக்கும் ஸைத்தூன் இதுதான். மரம் வேறெதுவுமில்லை, நம் வேலிகளில் நிற்கும் கல்யாண முருங்கை! முள்முருங்கை என்றும் சொல்வோம். நாற்சந்தி ஒன்றில் சிக்னலுக்காக நின்றபோது பார்த்துவிட்டேன். இலை துளிர்த்த கிளைகளின் நுனியில், பருவம் முடியும் நேரத்துக் கடைசிச் சிவப்புப் பூக்கள். இன்றைக்கும் இந்த ஊரின் அடையாள மலர் அதுவே.

அறையில் பெட்டியைப் போட்டுவிட்டு மேற்குத் தெருவுக்கு நடந்தோம். செங்கல் வீடுகள், இரு முனையும் குருவி வாலாகப் பிரிந்து மேலெழும் கூரை முகடுகள், தெரு நிறைய வெள்ளிக்கிழமைக் கூட்டம். பழைய ஊருக்குள் 'சின்ன வெள்ளை' என்று எல்லோரும் செல்லமாகக் கூப்பிடும் மின்சாரச் சிற்றுந்துகள் ஊர்ந்து போகின்றன. ஒரு கடையில் மீ சுவா என்ற மெல்லிய கோதுமை நூடுல்ஸைக் கூழ் பதத்தில் குழைத்து, வேண்டியதைக் கேட்டு மேலே போட்டுத் தருகிறார்கள். சிப்பி, மீன் துண்டு, இரண்டாகக் கிள்ளிய எண்ணெய்ப் பலகாரம். தோழி முதல் கரண்டி வாயில் வைத்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் பாட்டியின் கைப்பக்குவமாம்.

கடல் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தேன். ஊர் நடுவிலிருந்து கடல் தெரிவதில்லை. ஜின் ஆறும் லுவோயாங் ஆறும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் பழைய துறைகளைத் தூர்த்துவிட்டது. பெரிய கப்பல்கள் வேறு ஊர்களுக்குப் போய்விட்டன. ஆனால் 2021ல் யுனெஸ்கோ இங்கே ஒன்றல்ல, 22 இடங்களைச் சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கோயில், பள்ளிவாசல், பாலம், இரும்பு உருக்கிய இடம், பீங்கான் சூளை, கப்பல்துறை எல்லாம் அதில் உண்டு. சோங், யுவான் அரசர்கள் காலத்தில், அதாவது பத்தாம் நூற்றாண்டிலிருந்து பதினான்காம் நூற்றாண்டு வரை, உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்றாக இருந்ததற்கான சாட்சிகள் அவை.

சனி

காலையிலேயே கைய்யுவான் கோயில். 686ல் தொடங்கிய பௌத்தக் கோயில் இது. வாசலைத் தாண்டியதும் பெரிய முற்றம், ஆலமரங்கள், இருபுறமும் இரண்டு கல் கோபுரங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் முழுக்கக் கருங்கல்லால் எழுப்பியவை. கிழக்குக் கோபுரத்தின் உயரம் 48 மீட்டருக்கு மேல். 1604ல் இந்தக் கரையையே உலுக்கிய பெரும் நிலநடுக்கத்திலும் இரண்டும் விழவில்லை. மேற்குக் கோபுரத்தில் கையில் வாளோடு ஒரு குரங்கு வீரன் நிற்கிறான். 1237ல் கட்டி முடித்த கோபுரம் அது. அனுமனின் சாயல் அவனிடம் இருக்கிறது என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கழுத்தை நிமிர்த்தி நிமிர்த்திப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் பட்டது.

நான் வந்தது கோயிலின் பின்புறத்துக்காக. முன்னால் புத்தர் சந்நிதியில் பாட்டிகள் பழம் அடுக்கி ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்வராந்தாவுக்குப் போனால், நடுவில் இரண்டு தூண்கள் மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்கின்றன. பதினாறு பட்டைத் தூண்கள். நம்மூர்க் கோயிலில் எத்தனையோ தடவை சாய்ந்து உட்கார்ந்த தூணின் அதே உடல். பட்டைகளுக்கு நடுவே சதுரங்களும் அவற்றில் வட்டங்களும். வட்டத்துக்குள் எட்டிப் பார்த்தால் நரசிம்மர்! மடியில் இரணியன், வயிற்றில் நகம். இன்னொன்றில் யானையின் காலை முதலை கவ்வ, மேலே கருடன்மேல் பெருமாள். இன்னொன்றில் இரண்டு மரங்களுக்கு நடுவே உரலை இழுத்துக்கொண்டு போகும் கண்ணன். மற்றொன்றில் மரத்தின் மேல் ஆடைகளோடு அவனே. அதே தூணில் சீனப் பூக்களும் பறவைகளும் உண்டு. செதுக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் இரண்டு ஊர்ப் பார்வையாளர்களையும் மனத்தில் வைத்திருக்கிறார்.

இவை இந்தக் கோயிலுக்காகச் செய்த தூண்கள் அல்ல. இந்த ஊரில் இருந்த ஓர் இந்துக் கோயில் அழிந்த பிறகு, மிங் அரசர்கள் காலத்துத் திருப்பணியின்போது அந்தக் கற்களை எடுத்து வந்து இங்கே பொருத்தினார்கள். முன்பக்க மேடையின் அடித்தளத்திலும் அதே கோயிலின் கற்கள்தாம். மனித முகமும் சிங்க உடலுமாக எழுபதுக்கும் மேற்பட்ட உருவங்கள் வரிசையாக ஓடுகின்றன. அவற்றின் மேல் வைத்த கல்லில் உட்கார்ந்து ஒரு குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

தூணருகே நான் வெகுநேரம் நின்றதைப் பார்த்துக் கோயில் தொண்டர் ஒருவர் வந்தார். தோழி என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். அவர் தூணைக் காட்டினார், என்னைக் காட்டினார், சிரித்தார், இரண்டு கையையும் கூப்பினார். நானும் கும்பிட்டேன். பிறகு நரசிம்மரின் வட்டத்துக்குக் கைவிளக்கு அடித்துக் காட்டினார். விரல்கள் தேய்ந்திருந்தாலும் இரணியனின் கால் மடங்கிய விதம்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

கோயில் வளாகத்திலேயே தனிக் கட்டடத்தில் ஒரு கப்பல் கிடக்கிறது. 1974ல் ஹௌஜூ என்ற துறையில் சேற்றுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தது. எஞ்சியிருக்கும் அடிப்பகுதி மட்டும் 24 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். மேல்தளமும் பாய்மரங்களும் போய்விட்டன. மாடியில் சுற்றிவரும் நடைபாதையிலிருந்து கீழே பார்க்கும்போது வயிற்றுக்குள் பன்னிரண்டு குறுக்குச் சுவர்கள் தெரிகின்றன. அவை கப்பலைப் பதின்மூன்று அறைகளாகப் பிரிக்கின்றன. ஓர் அறையில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறினாலும் அடுத்த அறைக்குப் போகாது, கப்பல் மிதக்கும். ஐரோப்பியக் கப்பல்களில் இந்த ஏற்பாடு வர இன்னும் பல நூற்றாண்டுகள் ஆயின. பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு, மூன்று அடுக்கு வைத்து அறைந்திருக்கிறார்கள். இடுக்குகளில் சுண்ணாம்பும் சணல் நாரும் டங் என்ற மரத்தின் கொட்டை எண்ணெயும் சேர்த்து இடித்த பசை. கப்பலை வலம் வந்து பக்கவாட்டில் நின்றால் பழுப்பேறிய அந்தப் பசை கோடு கோடாக இன்றும் தெரிகிறது.

கப்பலின் முதுகெலும்பாக அடியில் ஓடும் ஏராக்கட்டையில் ஒரு விஷயம் இருக்கிறது. கட்டைகள் இணையும் இடத்தில் சிறு குழிகளைக் குடைந்து, அவற்றில் செப்புக் காசுகளையும் ஒரு வெண்கலக் கண்ணாடியையும் வைத்து மூடியிருக்கிறார்கள். காசுகள் சப்தரிஷி மண்டலத்தின் ஏழு விண்மீன்கள், கண்ணாடி நிலா. வாசலுக்கு நிலை வைக்கும்போது அடியில் காசு போடுகிறோமே, அப்படி. கப்பல் கட்டிய தச்சருக்கும் அதில் ஏறியவர்களுக்கும் இனி கண்ணில் படவே படாத இடத்தில் வானத்தைப் பதித்து அனுப்பியிருக்கிறார்கள்.

சரக்கில் பெரும்பகுதி வாசனைக் கட்டைகள். அகில், சந்தனம், இன்னும் பல. மிளகு, பாக்கு, சாம்பிராணி, ஆமையோடு, பாதரசமும் இருந்தன. மூட்டைகளில் கட்டிய மர அடையாளச் சீட்டுகளும் கிடைத்திருக்கின்றன, மூட்டைக்காரர் பெயர் எழுதியவை. கிடைத்த காசுகளில் கடைசியாக அச்சானவை 1270களின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. ஆகவே தெற்குக் கடல்களிலிருந்து திரும்பி, வீட்டு வாசலுக்கு வந்து, சோங் அரசு சாயும் அந்தக் குழப்பத்தில் மூழ்கிய கப்பல் என்று கருதுகிறார்கள். ஒரு மிளகுப் பயணம் முழுதாக முடிந்து, சரக்கு இறக்க வேண்டிய கடைசி நாளில் நின்றுபோயிருக்கிறது.

ஞாயிறு

இன்று முழுக்கக் கடல்வழி வரலாற்று அருங்காட்சியகம். மத்தியானச் சாப்பாட்டையும் மறந்தோம்.

இந்த ஊருக்குக் கற்கள் எப்படித் திரும்பக் கிடைத்தன என்பதை முதலில் சொல்லவேண்டும். 1357 முதல் 1366 வரை சுவான்ஜோவில் பெரும் கலகம். அந்நிய வணிகர்களின் படைகளே ஊரைப் பிடித்தன. கடைசியில் அவை தோற்றபோது அந்நியர்மேல் பழிதீர்த்தார்கள். வழிபாட்டிடங்கள் இடிந்தன, கல்லறைகள் கலைந்தன. பின்னால் வந்த மிங் அரசு தனியார் கடலோடுவதற்கே தடை போட்டது. உடைந்த கற்கள் ஊர்மதிலுக்கும் வீடுகளுக்கும் பாலங்களுக்கும் போயின. இருபதாம் நூற்றாண்டில் மதிலை இடித்துச் சாலை போட்டபோது உள்ளே இருந்த கற்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. அரபு எழுத்துக் கல்லறைகள், சிலுவையோடு தாமரை செதுக்கிய கற்கள், நம் தெய்வங்கள். கல்தச்சர்கள் அவற்றை வாங்கி உடைத்து வேறு வேலைக்குப் பயன்படுத்தினார்கள்.

அப்போது வூ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர் கல்பட்டறைகளுக்கும் இடிபாடுகளுக்கும் அலைந்து, தன் சம்பளத்தைப் போட்டு இந்தக் கற்களை வாங்கிச் சேர்த்தார். போர்க்காலத்திலும் விடவில்லை. பின்னர் தன் சேகரிப்பை அரசுக்குக் கொடுத்தார். 1957ல் அவற்றைப் பற்றிய நூல் வெளிவந்தது, 1959ல் இந்த அருங்காட்சியகம் பிறந்தது. அந்த மனிதர் மட்டும் இல்லையென்றால் நான் இன்று பார்த்ததில் பாதி, சாலைக்கு ஜல்லியாகப் போயிருக்கும். தனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தை, தான் கும்பிடாத சாமியை, உடைபடக் கூடாது என்று தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் வைத்தவர். அவரை நினைத்து நெஞ்சாரக் கும்பிட்டேன்.

இந்துக் கற்களின் கூடம். ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைந்த பெருமாள், நான்கு கைகளோடு நிற்கிறார். கிரீடத்தின் வேலைப்பாட்டையும் நின்ற நிலையையும் பார்த்தால் சோழ நாட்டுச் சிற்பமரபு புரிந்துவிடுகிறது. ஆனால் முகத்தில் ஃபூஜியான் சாயல் ஏறியிருக்கிறது. அடுத்து ஒரு பலகைக்கல். யானை ஒன்று தும்பிக்கையில் தாமரை எடுத்துச் சிவலிங்கத்துக்குச் சாத்துகிறது. இதற்கு விளக்கப் பலகை எனக்குத் தேவைப்படவில்லை. திருவானைக்காவின் கதையைச் சிறுவயதில் கேட்ட எவருக்கும் தேவைப்படாது. காவிரிக்கரைக் கதையை இங்கே கல்லில் வைத்துக் கும்பிட்டவர்கள் யார் என்பதையும் ஒரு கல்வெட்டு சொல்லிவிடுகிறது.

அந்தக் கல்வெட்டு 1956ல் இந்த ஊரில் கிடைத்தது. அதன் படத்தைக் கைப்பேசியில் கொண்டுபோயிருந்தேன். தமிழ் எழுத்து, கடைசியில் ஒரு வரி சீனம். சகாப்தம் 1203, சித்திரை மாதம். நம் கணக்கில் 1281 ஏப்ரல். சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசைகானின் ஆணைப்படி, அந்தக் கானின் 'திருமேனிக்கு நன்றாக' சிவபெருமானை இங்கே எழுந்தருளச் செய்தார் என்கிறது. செகசைகான் என்பது சீனத்தை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான். தஞ்சைக் கோயில்களில் சோழ மன்னனுக்காக எழுதிய அதே வாசகத்தை, அதே பணிவோடு, ஒரு தமிழ் வணிகர் மங்கோலியருக்காக எழுதியிருக்கிறார். வேற்று நாட்டில் பிழைக்க வந்தவர்களின் பத்திரமான வழியும் அதுதான். சிங்கப்பூரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது அந்தச் சம்பந்தப் பெருமாளை எனக்கு நன்றாகவே தெரியும் என்று தோன்றியது.

வெளியே வந்து நாகப்பட்டினத்துக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, சாப்பிட்டியா?" அப்பாவின் முதல் கேள்வி எப்போதும் இதுதான்.

"அப்பா, இங்க நம்ம சாமியெல்லாம் இருக்குப்பா. யானை பூ போடுற மாதிரி..."

"ஆனைக்காவா?"

"ஆமாப்பா!"

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப நம்ம ஊர்ல இருந்த சீனாக்காரன் கோபுரத்துக்குப் பதில் மொய்யுன்னு வெச்சுக்க" என்றார்.

அப்பா சொன்னதில் வரலாறு இருக்கிறது. வாங் தாயுவான் என்பவர் இந்தச் சுவான்ஜோவிலிருந்து கப்பலேறித் தெற்குக் கடல்கள் சுற்றியவர். சோழமண்டலத்தின் சமவெளியில் செங்கல்லால் கட்டிய ஓர் உயர்ந்த கோபுரத்தைக் கண்டதாகவும், அதில் சீன எழுத்தில் கட்டி முடித்த ஆண்டு பொறித்திருந்ததாகவும் 1349ல் எழுதினார். அந்த ஆண்டு 1267. அது நாகையில் இருந்த கோபுரம்தான் என்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். 1267ல் அங்கே சீனர்களின் கோபுரம், 1281ல் இங்கே தமிழர்களின் சிவன். பதினான்கே வருட இடைவெளி! இரண்டு ஊரிலும் ஒரே தலைமுறை ஆட்கள். ஒருவர் கொண்டுவந்த மிளகை மற்றவர் வாங்கியிருக்கலாம், ஒருவர் பட்டை மற்றவர் மனைவி உடுத்தியிருக்கலாம்.

சாயங்காலம் தெற்கே தேஜி வாசலுக்கு நடந்தோம். பழைய ஊர்மதிலின் தென்வாசல், இப்போது அடித்தளம் மட்டும் திறந்த குழியாக இருக்கிறது. எதிரே 1196ல் எழுந்த மாஸு அம்மன் கோயில், கடலோடிகளைக் காக்கும் தாய். அந்நிய வணிகர்கள் குடியிருந்தது இந்தத் தென்புறத்தில்தான். 1225ல் இங்கே கடல் வாணிப அதிகாரியாக இருந்த ஜாவ் ருகுவா, மலபார்க்கரையிலிருந்து வந்த ஒரு தந்தையும் மகனும் ஊரின் தென்பகுதியில் வசிப்பதாகக் குறித்துவைத்திருக்கிறார். தோழி அம்மன் கோயிலில் தாத்தாவின் பெயரைச் சொல்லி ஊதுபத்தி ஏற்றினாள். கப்பலேறும் முன் அவர் கும்பிட்டதும் இந்த அம்மனைத்தானாம்.

திங்கள்

ஊருக்கு மேற்கே ஜியுரி மலை. ஏறக் கஷ்டமில்லாத சின்ன மலைதான். பாறைகளில் செதுக்கிய எழுத்துகளுக்குச் சிவப்பு மை பூசியிருக்கிறார்கள். அவற்றில் பத்து, காற்றை வேண்டிக்கொண்டதற்கான பதிவுகள். 1174 முதல் 1266 வரையிலானவை.

1087ல் சோங் அரசு இங்கே கடல் வாணிபத்துக்கென்று ஓர் அலுவலகம் திறந்தது. வந்த சரக்கைப் பார்த்து வரி எடுப்பது, போகிற கப்பலுக்கு அனுமதிச் சீட்டு கொடுப்பது அதன் வேலை. அந்த அதிகாரிகளும் ஊர்த்தலைவர்களும் ஆண்டுக்கு இரு தடவை இந்த மலையடிக் கோயிலுக்கு வந்து நல்ல காற்றுக்காகப் பூசை செய்தார்கள். குளிர்காலத்தில் வாடை பிடித்துப் போகும் கப்பல்களுக்காக ஒன்று, கோடையில் தென்மேற்குக் காற்றில் திரும்பும் கப்பல்களுக்காக ஒன்று. பூசை முடிந்ததும் யார் யார் வந்தார்கள், எந்த நாள், எதற்காக என்று பாறையில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். பேரரசின் வரிவசூல் அதிகாரி, முத்திரையும் கணக்கேடும் உள்ளவர், மலையில் வந்து காற்றிடம் கெஞ்சியதற்கு எழுத்துச் சான்று! எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்துப்போன இடம் இதுதான்.

காற்றின் கணக்கு தெரிந்தால்தான் இந்த ஊரே புரியும். சுவான்ஜோவில் வாடைக்காற்றில் கிளம்பினால் நாற்பது நாளில் சுமத்திராவின் வடமுனை. அங்கே காற்று மாறும்வரை காத்திருந்து, அடுத்த பருவத்தில் ஒரு மாத ஓட்டத்தில் கொல்லம். திரும்பி வருவதற்கும் இதே பொறுமை. ஆகவே வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கினார்கள். தங்கியவர்களுக்குச் சாப்பாடு வேண்டும், வீடு வேண்டும், சாமி வேண்டும், சிலருக்குக் கல்லறையும் வேண்டியிருந்தது. கோயில்களும் பள்ளிவாசல்களும் வணிகரின் செல்வத்தால் மட்டும் எழவில்லை. காற்றுக்காகக் காத்திருந்த காலம்தான் அவற்றைக் கட்டியது என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டே வாரத்தில் போய்த் திரும்ப முடிந்திருந்தால் சம்பந்தப் பெருமாள் இங்கே சிவனை எழுந்தருளச் செய்திருப்பாரா?

மத்தியானம் ஊருக்குள் திரும்பி சிங்ஜிங் பள்ளிவாசல். 1009ல் கட்டி 1310ல் புதுப்பித்தது. கருங்கல் நுழைவாயில், ஒன்றுக்குள் ஒன்றாகக் கூர்வளைவுகள். உள்ளே பழைய தொழுகைக் கூடத்துக்குக் கூரை இல்லை, சுவரில் அரபு வசனங்கள், தரையில் புல். பக்கத்துப் புதிய கூடத்தில் தொழுகை நடக்கிறது. சில எட்டு வைத்தால் குவான் யூ என்ற போர்வீரத் தெய்வத்தின் கோயில். அங்கே ஊதுபத்திப் புகையில் கண் எரிகிறது, கூட்டம் நெருக்குகிறது. கலகம் ஒருமுறை இவர்களைப் பிரித்துப் போட்டது உண்மை. பிறகு அறுநூறு ஆண்டுக்கும் மேலாக ஒரே தெருவில் இருக்கிறார்கள் என்பதும் உண்மை.

லிங்ஷான் குன்றில் பழைய முஸ்லிம் கல்லறைகளுக்குப் போனபோது இருட்டத் தொடங்கிவிட்டது. 1417ல் மிங் அரசின் கடற்படைத் தலைவர் ஜெங் ஹே தன் ஐந்தாம் பயணத்துக்கு முன் இங்கே வந்து ஊதுபத்தி ஏற்றியதைச் சொல்லும் கல் இருக்கிறது. அதே ஜெங் ஹேயின் பெயரால் 1409 என்று தேதியிட்ட கல் ஒன்று 1911ல் இலங்கையின் காலி நகரில் கிடைத்தது. அதில் சீனம், பாரசீகம், தமிழ் என மூன்று மொழிகள். தமிழ்ப்பகுதி இலங்கைத் தென்கரைத் தெய்வமான தேனாவரை நாயனாருக்குக் கொடுத்த காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. இந்தக் கடலில் போகிறவருக்குத் தமிழ் தேவைப்பட்ட காலம் அது.

செவ்வாய்

கடைசி நாள். காலை லுவோயாங் பாலம்.

1053ல் தொடங்கி 1059ல் முடித்தது, ஆளுநர் சாய் சியாங் காலத்தில். ஆறு கடலில் கலக்கும் இடம், அடியில் சேறு, மேலே அலையேற்றம். அஸ்திவாரம் எப்படி நிற்கும்? முதலில் ஆற்றின் குறுக்கே பெரும் கற்களைக் கொட்டி ஒரு வரப்பு எழுப்பினார்கள். அதன்மேல் தூண்களை அடுக்கினார்கள். பிறகு அந்தக் கற்களில் சிப்பிகளை வளர்த்தார்கள். சிப்பி ஓட்டின் சுரப்பு கல்லைக் கல்லோடு ஒட்டிவிடும். அலை வற்றும் நேரமாகப் பார்த்துப் போனோம். தூண்களின் முனை கப்பலின் மூக்கைப் போலக் கூராக இருக்கிறது. அடியில் கல்லே தெரியாத அளவுக்குச் சாம்பல் நிறச் சிப்பி ஓடுகள் செதில் செதிலாக. குனிந்து தொட்டுப் பார்த்தேன், விரல் கிழியும் கூர்மை. பாலத்தின் மேல் கிரானைட் பலகைகள் ஒவ்வொன்றும் பல டன் இருக்கும். பாரம் ஏற்றிய தெப்பத்தை அலையேற்றத்தில் தூண்களுக்கு மேல் நிறுத்தி, அலை இறங்கும்போது பலகையைத் தானாக உட்கார வைத்தார்கள் என்பது ஊரில் சொல்லிவரும் முறை. சேற்றில் இருவர் நண்டு பிடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அலையாத்திச் செடிகள். பிச்சாவரத்துக்காரர் யாராவது பார்த்தால் பேர் சொல்லிவிடுவார்கள்.

பிறகு ஜின் ஆற்று முகத்தில் ஷுன்பு என்ற மீனவர் ஊர். இங்கே வீட்டுச் சுவர்களே சிப்பி ஓடுகள். உள்ளங்கையைவிடப் பெரிய ஓடுகளைச் சாய்த்துச் சாய்த்து அடுக்கி மண்ணில் பதித்திருக்கிறார்கள். வெயிலில் சுவர் முழுக்க வெள்ளி மினுக்கம். இவ்வளவு பெரிய சிப்பி இந்தக் கரையில் விளைவதில்லை, பட்டும் பீங்கானும் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய கப்பல்கள் பாரத்துக்காக அள்ளி வந்தவை என்று ஊரார் சொல்கிறார்கள்.

பெண்கள் கொண்டை போட்டு, நடுவில் நீளக் கொண்டையூசி செருகி, சுற்றிலும் வட்டம் வட்டமாகப் பூச்சரம் வைக்கிறார்கள். மல்லிகை மொட்டு, செண்பகம், நடுவே சிவப்பும் மஞ்சளும். இப்போது வெளியூர்ப் பெண்களுக்கும் வாடகை உடுப்போடு பூ வைத்துவிடும் கடைகள் தெரு நெடுக இருக்கின்றன. சீனாவின் எல்லா மூலையிலிருந்தும் இளம்பெண்கள் வருகிறார்கள். இந்தப் பிறவியில் பூ வைத்தால் மறுபிறவியில் அழகாய்ப் பிறக்கலாம் என்றொரு சொலவடை இவர்களை இழுத்து வருகிறது. நாங்களும் வைத்துக்கொண்டோம். ஒரு பாட்டி என் பின்னலைப் பிரித்துக் கொண்டையாக்கினார். முடியின் கனத்தைக் கையில் தூக்கிப் பார்த்துத் தோழியிடம் ஏதோ சொன்னார்.

"உங்க ஊர்லயும் பூ வைப்பீங்களான்னு கேக்கறாங்க."

"தினமும் வைப்போம்னு சொல்லு."

தோழி "ஆ மா", அதாவது ஹாக்கியனில் பாட்டி, என்று அழைத்துச் சொன்னாள். பாட்டி உடனே இன்னொரு சரம் எடுத்து என் தலையில் வைத்தார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அவர் மருமகள் வாசற்படியில் உட்கார்ந்து சிப்பி உடைத்துக்கொண்டிருந்தார். மரப்பிடி போட்ட கூர்க்கம்பியால் ஓட்டின் மூட்டில் ஒரே குத்து, ஒரே நெம்பு, கட்டைவிரலால் சதையைத் தட்டில் தள்ளிவிட்டு அடுத்தது. ஓடுகள் பின்னால் குவியலாகச் சேர்கின்றன. இந்தக் காலையில் உடைத்ததே முழங்கால் உயரம் இருந்தது. சாயங்காலத்துக்குள் மேற்குத் தெருக் கடைகளுக்குப் போய்விடுமாம்.

ரயிலில் இதை எழுதுகிறேன். தோழி மார்கழியில் நாகப்பட்டினம் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். என்ன காட்டுவாய் என்று கேட்கிறாள். சீனக் கோபுரம் இல்லை, 1867ல் இடித்துவிட்டார்கள். ஸ்ரீவிஜய மன்னருக்காக ராஜராஜன் காலத்தில் எழுந்த சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் தரைக்கு மேல் இல்லை. ஆனால் அந்த மண்ணிலிருந்து 1856 தொடங்கிக் கிடைத்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட புத்தர் செப்புத் திருமேனிகளில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முதலில் அங்கே ஒரு நாள் முழுக்க, பிறகு இரவு ரயிலில் நாகை. அப்பாவிடம் இப்போதே சொல்லியாகிவிட்டது. வாடைக்காற்று அடிக்கும் மாதமாயிற்றே, மழைக்குத் தயாராக வரச்சொல் என்றார்.